‘பிரஷர் நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு மாணவத் தாதி என்ன செய்வது?

அம்பாறைக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெறும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மார்கழி மழைக்காலம். டெங்குக் காய்ச்சல்காரர்களால் வாட்டு நிரம்பி, தரையிலும் பாய் விரித்திருக்கிறார்கள். இவருக்கு நைட் டியூட்டி. பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவன், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். முந்தைய நாள் மதியத்தோடு காய்ச்சல் விட்டுவிட்டது. “இனிப் பயமில்லத்தானே மிஸ்?” என்று அவனுடைய உம்மா சிரித்த முகமாகக் கேட்டிருக்கிறார். ஆனால் பொடியன் கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தான். மாலை ஆறு மணிக்கு 110/70 ஆக இருந்த பிரஷர் இரவு பத்துக்கு 106/80, இரண்டு மணிக்கு 100/80. நாடி 88, பிறகு 104, பிறகு 120. பாதம் சில்லென்று இருந்தது. இரண்டரை மணிக்கு இவர் பொறுப்பில் இருந்த மூத்த தாதியான மிஸ்ஸிடம் போய், “மிஸ், அந்தப் பொடியன் ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கு” என்றிருக்கிறார். “காய்ச்சல் விட்டிட்டு, பிரஷர் நல்லாத்தானே இருக்கு. டொக்டர் வேற கேஸில நிற்கிறார். விடிய ரவுண்ட்ஸில பார்க்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது. நாலரைக்கு இன்னொரு நோயாளியைப் பார்க்க வந்த வாட்டு டொக்டரான எச்.ஓ. தற்செயலாக இவனையும் பார்த்து, சேலைனைக் கூட்டி, உடனே கூடுதல் கண்காணிப்புப் பிரிவான எச்.டி.யு.வுக்கு அனுப்பினார். பொடியன் தேறி வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் காலையில் வாட்டு சிஸ்டர், “இரவு முழுக்க ஒருத்தரும் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டபோது இவரும் வாய் திறக்கவில்லை, அந்த மிஸ்ஸும் திறக்கவில்லை.

இப்போது இவர் கேட்பவை: கல்லூரியில் படிக்கும் கோட்பாடுகளால் வாட்டில் என்ன பயன்? மாணவிக்குப் பேசும் உரிமை இருக்கிறதா? அந்த மிஸ்மேல் முறைப்பாடு கொடுக்கலாமா? இந்தச் சம்பவத்தை வைத்து எழுதச் சொன்ன சுயசிந்தனைக் கட்டுரையில் எதை எழுதுவது, எதை விடுவது? படிப்பையே விட்டுவிடலாமா? நடுவில் ஒரு வரியில், வந்து போகிற மாதிரி, சார்ட்டைப் படம் பிடித்து பட்ச் வட்ஸ்அப் குழுவில் போட்டதையும் சொல்லியிருக்கிறார்.

மகள், அந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் நாள் போகப் போக அது பெரிதாகும். சார்ட்டில் பெயரும் பெட் ஹெட் டிக்கெட் (நோயாளியின் வாட்டுப் பதிவேடு) இலக்கமும் தெரிந்ததா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டாலும் அது நோயாளியின் இரகசியம்தான். ‘நான் செய்தது சரியா’ என்று நண்பிகளிடம் கேட்கத்தான் போட்டீர்கள், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு யாராவது அதைக் கையில் எடுத்தால், இரவு நடந்த அத்தனையும் பின்னுக்குப் போய், நீங்கள் படம் எடுத்தது ஒன்றுதான் பேச்சாக இருக்கும். வேறொருவர் சொல்ல முன்னம் நீங்களே டியூட்டரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு குழுவில் இருந்தும் போனில் இருந்தும் அழியுங்கள், சேமித்து வைத்தவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஏச்சு விழும். பரவாயில்லை.

சரி, இனி அந்த இரவுக்கு வருவோம்.

உங்கள் மனதில் கிடக்கும் கதை இதுதான்: ‘நான் கண்டுபிடித்தேன், சொன்னேன், கேட்கவில்லை.’ முதல் பகுதி முழுக்க உண்மை. உங்கள் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. 100/80 என்றால் பார்க்கிறவர்களுக்கு நல்ல பிரஷர். ஆனால் மேலிலிருந்து கீழைக் கழியுங்கள். ஆறு மணிக்கு 40, பத்துக்கு 26, இரண்டுக்கு 20. இந்த வித்தியாசம்தான் பல்ஸ் பிரஷர். டெங்கில் பல்ஸ் பிரஷர் 20 அல்லது அதற்குக் குறைந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்றே எடுக்க வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும்போது உடம்பு சும்மா இருக்காது. குழாய்களை இறுக்கிக் கீழ் பிரஷரைப் பிடித்து வைக்கும், நாடியைக் கூட்டும், கைகாலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து உள்ளுறுப்புகளைக் காப்பாற்றும். பாதம் சில்லிட்டதும் நாடி 120க்குப் போனதும் அதனால்தான். மேல் பிரஷர் விழுவது கடைசியில், விழும்போது சட்டென்று விழும். அதுவரை காத்திருந்தால் நேரம் போய்விடும். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்கள். உம்மா நிம்மதிப்பட்டதும் மிஸ் நிம்மதிப்பட்டதும் அதே நேரத்தில்தான்.

இரண்டாம் பகுதியில்தான் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்ன வசனத்தில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. ‘ஏதோ சரியில்லாத மாதிரி’ என்பது உங்கள் மனநிலை. அதைக் கேட்கிறவர், ‘பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள்’ என்று விளங்கிக்கொள்வார். அந்த மிஸ்ஸையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். டெங்குக் காலத்து இரவில் கட்டிலும் தரையுமாக நிரம்பிய வாட்டை மிகச் சில பேர்தான் பார்க்கிறார்கள். அவர் சார்ட்டைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் எதையும் நீங்கள் அவர் கையில் கொடுக்கவில்லை. சொல்வதும் சொன்னது போய்ச் சேர்வதும் இரண்டு வேலை. கல்லூரியில் ‘தொழில்சார் தொடர்பாடல்’ என்று நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு படித்திருக்கக்கூடிய பாடம் அந்த இரண்டாவது வேலைக்கு உரியது.

இரண்டரை மணிக்கு எப்படிச் சொல்லியிருக்கலாம்

எஸ்பார் என்று படித்திருப்பீர்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் பழகி, பிறகு அங்குள்ள கைசர் பெர்மனென்டே சுகாதார நிறுவனத்தினூடாக ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை. அவசரத்தில் பேசுகிறவர் தடுமாறாமல் இருக்கவும், கேட்கிறவர் குறுக்குக் கேள்வி கேட்காமல் முடிவெடுக்கவும் உண்டானது. பரீட்சைக்கு நாலு தலைப்பையும் எழுதிவிடுவோம், வாயில்தான் வராது. உங்கள் சம்பவத்துக்கே சொல்லிக் காட்டுகிறேன்:

“மிஸ், டெங்குப் பொடியனுக்கு இப்ப 100/80, பல்ஸ் பிரஷர் 20க்கு வந்திட்டு, நாடி 120. இன்டைக்கு ஐந்தாம் நாள், நேற்று மதியத்தோட காய்ச்சல் இல்லை. ஆறு மணிக்கு 110/70, பத்துக்கு 106/80. கால் சில்லிட்டிருக்கு, வயிறு நோகுது என்கிறான், பத்து மணிக்குப் பிறகு சலம் 60 மில்லிதான். லீக் பண்ணத் தொடங்கிட்டான் போல. டொக்டர் இப்பவே பார்க்க வேணும். நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடவா?”

அரை நிமிடம்தான். வயிற்று நோவும் சல அளவும் உங்கள் கடிதத்தில் இருந்தவை, ஆனால் மிஸ்ஸிடம் சொல்லாதவை. 50 கிலோ உடம்புக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 25 மில்லியாவது போக வேண்டும் என்று பார்த்தால், நாலு மணித்தியாலத்தில் 60 என்பது போதவே போதாது. கடைசி வசனத்தைக் கவனியுங்கள். ‘பார்த்தால் நல்லம்’ என்று இழுக்கவில்லை, யார் கூப்பிடுவது என்று கேட்டு முடிகிறது. கூப்பிடத்தான் வேண்டும் என்பதைக் கேள்விக்கு வெளியே வைத்துவிடுகிறது.

அதற்கும் ‘விடிய பார்ப்போம்’ என்றால் இரண்டாம் தரம் சொல்லுங்கள், சொல்லை ஒரு படி உயர்த்தி: “எனக்கு இதில கவலையா இருக்கு மிஸ். விடியும் வரைக்கும் விட என் மனம் ஒப்பவில்லை. இது நோயாளியின்ர பாதுகாப்பு.” அதன் பிறகும் அசையவில்லை என்றால், “நான் எச்.ஓ.விடம் சொல்லிவிட்டு வாறன் மிஸ்” என்று அவருக்குத் தெரிய வைத்துவிட்டே போங்கள். முதுகுக்குப் பின்னால் போனதாக இருக்கக் கூடாது.

எச்.ஓ. சிங்களம் பேசுபவர், இங்கிலிஷில் சொல்லத் தெரியவில்லை என்று பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிழக்கில் வேலை செய்யும் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது. சார்ட்டைக் கையில் கொண்டு போய் மூன்று வரியை விரலால் காட்டினால் இலக்கணமே தேவையில்லை. எண்களை எந்த மொழிக்காரரும் ஒரே மாதிரித்தான் வாசிப்பார்.

கோட்பாடு வாட்டுக்கு உதவாது என்பது பற்றி

‘புத்தகத்தைக் கல்லூரியில் வைத்துவிட்டு வாங்கோ’ என்று வாட்டில் சொல்வார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் பிழையானவர்கள் அல்ல. தாதியியல் அறிஞர் ஹென்டர்சன் பட்டியலிட்ட நோயாளியின் 14 அடிப்படைத் தேவைகளை வரிசை மாறாமல் ஒப்புவிப்பதால் ஒரு நோயாளிக்கும் சுகம் வராது. நாங்கள் கற்பிக்கும் விதத்திலும் குறை இருக்கிறது. பெயர், ஆண்டு, வரைபடம், பரீட்சை, மறதி. ஆனால் உங்கள் கடிதத்தை வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் கோட்பாட்டால் பயனில்லை என்று எழுதிய அதே பக்கத்தில் நீங்கள் ஒரு கோட்பாட்டைச் செய்து காட்டியிருக்கிறீர்கள்.

பொடியன் புரள்கிறான். பசியில் முரண்டு பிடிக்கிறான் என்கிறார் உம்மா. உங்களுக்கோ அப்படித் தோன்றவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? “எங்க தம்பி ஏலாம இருக்கு?” என்று அவனிடமே கேட்டீர்கள். அவன் வலப்பக்க வயிற்றில் கையை வைத்தான். இதைத்தான் தாதியியல் அறிஞர் ஐடா ஜீன் ஓர்லாண்டோ 1961இல் வெளிவந்த தன் நூலில் விளக்குகிறார். நோயாளியின் நடத்தையைப் பார்க்கும்போது தாதியின் மனதில் ஒரு எண்ணமும் ஒரு உணர்வும் எழும். அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு செயல்படாமல், பொய் என்று தள்ளியும் விடாமல், நோயாளியிடமே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அப்படிக் கேட்டுச் செய்வதை அவர் ஆலோசித்த செயல் என்கிறார். பழக்கத்தில் செய்வது தன்னியக்கச் செயல். நாலு மணிக்கொருதரம் பிரஷர் எடுத்துக் கோட்டில் புள்ளி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது தன்னியக்கம். இந்தக் கோட்பாட்டை அவர் மேசையில் இருந்து கற்பனை செய்யவில்லை. தாதியரும் நோயாளிகளும் பழகுவதை நேரில் கவனித்து, எங்கே நன்றாக முடிந்தது, எங்கே கெட்டது என்று பிரித்துப் பார்த்துத்தான் எழுதினார். வாட்டிலிருந்து புத்தகத்துக்குப் போனதை நீங்கள் திரும்ப வாட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சலத்தை ஊற்றிவிடாமல் அளந்து எழுதும்படி உம்மாவுக்குக் கோப்பையும் தாளும் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோயாளியும் வீட்டாரும் தாங்களே செய்யக்கூடியதைக் கற்றுக்கொடுத்து, முடியாததை மட்டும் தாதி எடுத்துக்கொள்வது, அது ஓரெம் என்ற தாதியியல் அறிஞரின் சுயபராமரிப்புக் கோட்பாடு.

நைட்டிங்கேலையும் விளக்கைப் பிடித்த அம்மையாராக மட்டும் வைத்திருக்க வேண்டாம். கிரைமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதை எண்ணிக் கணக்கெடுத்து, வரைபடமாக்கி, அதிகாரிகள் முன் வைத்தவர். பிரித்தானியாவின் புள்ளிவிவரச் சங்கத்தில் அங்கத்தவரான முதல் பெண்ணும் அவர்தான். 1859இல் எழுதிய ‘தாதியம் பற்றிய குறிப்புகள்’ நூலில் நோயாளியை அவதானிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்து, பொத்தாம் பொதுவான கேள்விக்கும் பதிலுக்கும் எதிராக எழுதியிருக்கிறார். உங்கள் ‘ஏதோ சரியில்லாத மாதிரி’ அவர் கையில் அகப்பட்டிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று யோசியுங்கள்.

விமர்சனச் சிந்தனை என்றால் மேலே உள்ளவரின் பிழையைப் பிடிப்பது என்று நீங்களும் உங்கள் பட்ச்சும் நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அது இல்லை. முதலில் தன் எண்ணத்தையே சந்தேகிப்பது அது. ‘நான் நினைப்பதற்கு என்ன ஆதாரம்? எது கண்டால் நான் பிழை என்று ஒத்துக்கொள்வேன்?’ அந்த இரவு நீங்கள் கையில் எடுக்காமல் விட்ட ஒன்று இங்கேதான் இருக்கிறது: பத்து மணிக்கே இடைவெளி 26க்குச் சுருங்கி, நாடி 104 ஆகியிருந்தது. அடுத்த பிரஷரை இரண்டு மணிவரை விடாமல், மிஸ்ஸிடம் கேட்டு ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்திருந்தால் பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ தெரிந்திருக்கும். உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டில் விதிப்படி செய்யத்தான் தெரியும் என்று, தாதியர் படிப்படியாகத் தேர்ச்சி பெறுவதை ஆராய்ந்த பட்ரிசியா பென்னர் 1984இலேயே விளக்கிவிட்டார். புதியவர் விதியைப் பிடிப்பார், அனுபவசாலி நிலைமையை முழுதாக ஒரே பார்வையில் பார்ப்பார். அனுபவத்துக்கும் ஒரு கண்மறைப்பு உண்டு என்பதை உங்கள் மிஸ் காட்டிவிட்டார். ‘காய்ச்சல் விட்டால் சுகம்’ என்று பல காய்ச்சல்களில் கண்டு பழகிய கண்ணுக்கு டெங்கு வேறு என்பது சோர்வில் மறந்துபோகும். புதியவர் எண்ணையும் மூத்தவர் அனுபவத்தையும் கொண்டு வந்து சேர்த்தால்தான் இரவு வாட்டு ஓடும்.

உரிமை, முறைப்பாடு, பதிவேடு

மாணவிக்கு உரிமை இருக்கிறதா என்றால், தெரிவிக்கும் உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது. சேலைனைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை, மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் கண்டதைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. சர்வதேச தாதியர் பேரவை 1953இல் முதலில் ஏற்று, 2021இல் திருத்திய ஒழுக்கக்கோவை, உடன் வேலை செய்பவரின் செயலால் நோயாளிக்கு ஆபத்து வரும்போது தாதி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. டொக்டரின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது மட்டுமே தாதியின் வேலை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அது பழைய கதை.

இதில் விலையே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வாய்க்காரி என்ற பெயர் வரலாம். கொஞ்ச நாளைக்கு அந்த வாட்டில் தேத்தண்ணிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

முறைப்பாட்டைப் பொறுத்தவரை, எழுத்தில் ஒரு ஆளின்மேல் கொடுப்பதை இப்போது நான் சொல்ல மாட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர் கேட்டால், உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு மங்கலான வசனம். டியூட்டரிடம் முழுவதையும் சொல்லுங்கள். டியூட்டரோடு சேர்ந்து வாட்டு சிஸ்டரிடம் போங்கள். சிஸ்டர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை, அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் தர முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது, இப்படியான சம்பவங்களை அறிவிக்கப் படிவமும் உண்டு. அங்கே கேட்பது ‘யார் பிழை’ என்பதைவிட ‘ஏன் தவறிப்போனது’ என்று. டெங்கு சார்ட்டில் பல்ஸ் பிரஷருக்குத் தனி நிரை இருந்ததா, இரவில் அதைக் கணக்கிட்டு எழுத ஆள் இருந்தாரா என்பது மிஸ்ஸின் குணத்தைவிடப் பெரிய கேள்வி. அந்த மிஸ்ஸோடும் முடிந்தால் தனியே பேசுங்கள். அன்று காலை அவரும் வாய் திறக்காமல்தான் நின்றார், அவருக்கும் அது உறுத்திக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ‘2.30க்கு அறிவிக்கப்பட்டது’ என்று சார்ட்டின் ஓரத்தில் இப்போது எழுதிவிடு என்று நண்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களைக் காப்பாற்றாது, நீங்கள் எழுதிய மற்ற மூன்று வரியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். பிந்தி எழுதியே ஆக வேண்டுமென்றால் சிஸ்டரின் அறிவோடு, ‘பிந்திய பதிவு’ என்று குறித்து, எழுதும் நாளையும் நேரத்தையும் போட்டுத்தான் எழுத வேண்டும். இனிமேல் சொன்ன உடனேயே, யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன பதில் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

விட்டுவிடுவதா?

இந்த மாதம் முடிவெடுக்க வேண்டாம். சேரும்போது கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை எடுத்து, விலகினால் என்ன கட்ட வேண்டும் என்பதை வீட்டாரோடு இருந்து வாசியுங்கள். பயமுறுத்த அல்ல, தெரிந்துகொண்டு முடிவெடுக்க. பிறகு, நித்திரை வராமல் இருப்பதும் வாட்டு வாசலில் நெஞ்சு படபடப்பதும் இன்னும் இருந்தால், கல்லூரியில் சொல்லி ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் ஒருதரம் பேசுங்கள். தாதி அங்கே போனால் பெயர் கெடும் என்பதெல்லாம் சும்மா கதை. எனக்குத் தெரிந்தவரை, தொழிலுக்குப் பொருந்தாதவர்கள் இப்படி ஏழு பக்கக் கடிதம் எழுதுவதில்லை, பொடியன் எச்.டி.யு.வுக்குப் போனதோடு மறந்துவிடுவார்கள்.

கட்டுரை விஷயம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வரைவில் மூன்று பக்கம் உங்கள் உணர்வுகளும் மிஸ்ஸின் பிழைகளும், அரைப் பக்கம் காற்று, வெளிச்சம், சுத்தம் பற்றிய நைட்டிங்கேலின் சுற்றாடல் கோட்பாடு. அந்த வாட்டு ஜன்னலுக்கும் இந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை, அதை எடுத்துவிட்டு ஓர்லாண்டோவை வையுங்கள். சம்பவத்தைப் படிப்படியாகச் சிந்தித்து எழுதும் கிப்ஸின் வட்டப்படி எழுதச் சொல்லியிருந்தால் உணர்வுக்கு ஒரு பந்தி போதும், பகுப்பாய்வுக்கும் அடுத்த முறை என்ன செய்வேன் என்பதற்கும் இடம் விடுங்கள். பெயர், ஊர், வாட்டு இலக்கம், திகதி எதுவும் வேண்டாம், ‘மூத்த தாதி’ என்றாலே போதும். ஆறு, பத்து, இரண்டு மணிக் கணக்கைச் சிறு அட்டவணையாக முதல் பக்கத்திலேயே போட்டு, நாலாவது நிரையில் பல்ஸ் பிரஷரை நீங்களே கழித்து எழுதுங்கள். அந்த அட்டவணைக்குக் கீழே, இரண்டரை மணிக்கு நீங்கள் சொன்ன வசனத்தை அப்படியே எழுதி, அதன் கீழ் இப்போது சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள் என்று உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். நான் மேலே எழுதியதைப் பார்த்து எழுத வேண்டாம், டியூட்டரும் இதை வாசிக்கக்கூடும்.